ஸ்வீடன் பெர்மிட்டை வைத்துக்கொண்டு டென்மார்க்கில் வேலை பார்க்க முடியாது

"முதல்ல எது கிடைக்குதோ அதுல ஏறிடுறேன் சார், அப்புறம் பக்கத்து நாட்டுக்கு மாறிக்கலாம்." வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது மறுபடியும் அதே கதை: ஸ்வீடனின் மால்மோவில் வீடு, கையில் ஸ்வீடன் பெர்மிட், பாலத்துக்கு அந்தப் பக்கம் டென்மார்க்கில் இருக்கும் கோபன்ஹேகன் நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து, பழைய வேலைக்கு ராஜினாமா. எல்லாம் முடிந்த பிறகுதான் "டென்மார்க்குக்கும் ஏதாவது பேப்பர் வேணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். டென்மார்க்கின் சொந்த வேலை அனுமதி வேண்டும். அது வரும்வரை அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது.

தப்பு எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். ஆபீசில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஸ்வீடன்காரர் நேற்று ஆஸ்லோவில் இருந்தார், நாளை கோபன்ஹேகனில் சேரப் போகிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. 1954-இல் வந்த நார்டிக் பொது வேலைச்சந்தை ஒப்பந்தம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. அந்த ஒப்பந்தம் நார்டிக் நாடுகளின் குடிமக்களுக்கானது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் அங்கே வரி கட்டுபவர்களுக்கும் ஆனது அல்ல. இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவருக்கு ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து நான்கும் தனித்தனி நாடுகள். நான்கு குடிவரவுத் துறை, நான்கு சட்டம், நான்கு வரிசை.

உடனே "ஷெங்கன் இருக்கே?" என்பார்கள். ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வருவதற்கான ஏற்பாடு. அது பயணத்துக்கு மட்டும். ஒரு நாட்டின் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள் வரை தங்கலாம். சுற்றிப் பார்க்கலாம், மீட்டிங்கில் உட்காரலாம், கருத்தரங்குக்குப் போகலாம். லேப்டாப்பைத் திறந்து ப்ராஜெக்ட் வேலை பார்ப்பது வேலைதான். அது வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் வேலைதான். பாலத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்பதால் அது வேலை அனுமதி ஆகிவிடாது. மாட்டினால் நிறுவனத்துக்கு அபராதம். உங்களை நாட்டைவிட்டு அனுப்பி, திரும்பி வரத் தடையும் போடலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் ஸ்வீடன் பெர்மிட், ஸ்வீடனில் நீங்கள் பார்க்கும் வேலைக்காகத் தரப்பட்டது. அந்த வேலையை விட்டுவிட்டால் மால்மோவில் குடியிருக்கும் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. வீடு அந்தப் பக்கம், சம்பளம் இந்தப் பக்கம் என்ற ஏற்பாடு ஸ்வீடன் குடியுரிமை வாங்கியவருக்குச் சரிப்படும், பெர்மிட்டில் இருப்பவருக்குச் சரிப்படாது. ஸ்வீடனின் ஹாபரண்டாவும் ஃபின்லாந்தின் டோர்னியோவும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊர்கள். அங்கேயும் இதே சட்டம்தான்.

ஆண்டுக் கணக்கும் கூட வராது. ஸ்வீடனில் மூன்று ஆண்டு இருந்துவிட்டு நார்வேக்குப் போனால் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே ஒரு சிறு வாசல் உண்டு, அது உயர்திறன் பணியாளர்களுக்கான ஐரோப்பிய யூனியனின் நீல அட்டை (ப்ளூ கார்டு). அதில் 12 மாதம் இருந்த பிறகு, அந்தத் திட்டத்தில் உள்ள இன்னொரு நாட்டுக்கு எளிதாக மாறலாம். அப்போதும் அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த நான்கில் அந்த அட்டையைத் தருபவை ஸ்வீடனும் ஃபின்லாந்தும் மட்டும். நார்வே ஐரோப்பிய யூனியனிலேயே இல்லை. டென்மார்க் யூனியனில் இருந்தாலும் இந்தச் சட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. "ஐரோப்பா முழுக்க செல்லும் கார்டு" என்று யாராவது விற்றால் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே பக்கத்து நாட்டுக்கு மாறவே முடியாது என்று வைத்துக்கொண்டு முதல் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்று கேளுங்கள். நார்வேயில் திறன்மிகு பணியாளர் பெர்மிட்டில் இருப்பவருக்கு வேறு வேலை தேட ஆறு மாதம் வரை கிடைக்கும். அதே வகைப் பணி என்றால் நிறுவனம் மாறுவதற்குப் புது பெர்மிட்டும் வேண்டாம். ஸ்வீடனில் பொதுவாக மூன்று மாதம்தான். முதல் பெர்மிட் ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டே வந்திருக்கிறது. ஃபின்லாந்தில் 2025 ஜூன் முதல் பொதுவாக மூன்று மாதம். ஸ்பெஷலிஸ்ட் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே இருப்பவர்களுக்கும் ஆறு மாதம். வேலை முடிந்ததை நிறுவனமே குடிவரவுத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், அதனால் ஒளித்துவைக்கவும் முடியாது. டென்மார்க்கில் பெர்மிட் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். வேலை மாறினால் புது விண்ணப்பம்.

நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால் அடுத்த கணக்கு. நார்வேயில் திறன்மிகு பணியாளருக்கு மூன்று ஆண்டில் பி.ஆர்.; ஸ்வீடனில் வேலை பெர்மிட்டில் நான்கு ஆண்டு. டென்மார்க்கில் சாதாரணமாக எட்டு ஆண்டு. மொழி, வருமானம் உள்ளிட்ட நான்கு கூடுதல் நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் நான்கு. ஃபின்லாந்தில் நான்காக இருந்தது 2026 ஜனவரியில் ஆறாகிவிட்டது, அதோடு மொழித் தேர்வும் வேலை அனுபவமும் கேட்கிறார்கள். குறுகிய வழி நல்ல வருமானமோ படிப்போ மொழித்திறனோ உள்ள சிலருக்கு மட்டும். அங்கே குடியுரிமைக்கான காலமும் 2024 அக்டோபரில் ஐந்திலிருந்து எட்டு ஆண்டானது. விதிகள் பொதுவாக இறுகும் திசையில்தான் போகின்றன. ஐந்து ஆண்டுக்கு முன் போன அண்ணன் சொன்ன கணக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்தக் குடிவரவுத் துறையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இனி சம்பளம். கடிதத்தில் "40,000" என்று இருந்தால் எந்த நாட்டுக் குரோனர் என்று பாருங்கள். ஒரு டென்மார்க் குரோனர் ஏறத்தாழ ஒன்றரை ஸ்வீடன் குரோனருக்குச் சமம். இரண்டையும் வெறும் 'குரோனர்' என்று பேசிக்கொண்டு, ஸ்வீடன் ஆஃபர் பெரிது என்று டென்மார்க் ஆஃபரை வேண்டாமென்றவர்கள் உண்டு. ஃபின்லாந்தில் மட்டும்தான் யூரோ.

டென்மார்க்கின் சம்பள வரம்புத் திட்டத்தில் பெர்மிட் வாங்க 2025-இல் ஆண்டுக்கு 5,14,000 குரோனர் வேண்டியிருந்தது; 2024-இல் அது 4,87,000. ஆண்டுதோறும் ஏறும், ஆகவே பழைய ஆண்டின் எண்ணை வைத்துப் பேரம் பேசாதீர்கள். சம்பளம் டென்மார்க் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். அங்கே முதலில் 8 சதவீதம் வேலைச்சந்தைப் பங்களிப்பு என்று பிடித்துவிட்டு, மீதிக்குத்தான் வருமான வரி. அதிகச் சம்பளக்காரர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு சலுகைத் திட்டம் இருக்கிறது: 27 சதவீத வரி, பங்களிப்பையும் சேர்த்தால் 32.84 சதவீதம், ஏழு ஆண்டு வரை. தகுதி இருந்தும் நிறுவனத்திடம் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கேளுங்கள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நார்வேயில் முதல் சம்பளத்துக்கு முன் வரி அட்டை வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் நிறுவனம் நேராக 50 சதவீதம் பிடித்துவிடும். பின்னால் திரும்பி வரும், ஆனால் அந்த மாத வாடகையை எதில் கட்டுவீர்கள்? இன்னொன்று: அங்கே விடுமுறைச் சம்பளம் முந்தைய ஆண்டில் சம்பாதித்ததிலிருந்து வருவது. இந்த ஆண்டு சேர்ந்தவர் இந்தக் கோடையில் ஊருக்குப் போனால் அந்த வாரங்களுக்குப் பொதுவாகப் பணம் வராது. டிக்கெட் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

சிறு பிள்ளைகள் இருந்தால் பகல் காப்பகக் கட்டணம் கணக்கையே மாற்றும். நார்வேயில் 2025 ஆகஸ்டு முதல் மாத உச்சவரம்பு 1,200 குரோனர். ஸ்வீடனிலும் உச்சவரம்பு உண்டு, முதல் பிள்ளைக்குச் சுமார் 1,700. டென்மார்க்கில் செலவில் 25 சதவீதம் வரை பெற்றோர் தலையில். இரண்டு பிள்ளை என்றால் நன்றாகவே உறைக்கும்.

இருட்டைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். டிசம்பரில் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, ஹெல்சின்கி மூன்றிலும் ஆறு மணி நேரத்தை ஒட்டித்தான் பகல், கோபன்ஹேகனில் ஏழு. அந்த ஒரு மணி நேரத்துக்காக நாட்டை மாற்ற வேண்டியதில்லை. சூரியனே வராத வாரங்கள் ட்ரோம்ஸோ மாதிரி வடகோடி ஊர்களுக்குத்தான். தமிழ்ப் பேச்சும் தமிழ்ப் பள்ளியும் வேண்டுமென்றால் நார்வே பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கலாம்: எண்பதுகளில் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் இன்று ஆஸ்லோவில் வளர்ந்து நிற்கிறார்கள்.

வீடும் எண்ணும்

நான்கு நாட்டிலும் ஒரு அடையாள எண் இல்லாமல் ஒன்றும் நகராது. ஸ்வீடனில் அந்த எண் வரித்துறையிடமிருந்து வரும், ஆனால் குறைந்தது ஓராண்டு தங்கப் போகிறவருக்கு மட்டும். பெர்மிட் 11 மாதத்துக்கு வந்தால் எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை, பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம் இல்லை, பேங்க்ஐடி இல்லாவிட்டால் ஸ்விஷ் என்ற மொபைல் பணப்பரிமாற்றச் செயலியில் நூறு குரோனர்கூட அனுப்ப முடியாது. ஏன் 11 மாதத்துக்கு வருகிறது? பெரும்பாலும் பாஸ்போர்ட் அதற்குள் காலாவதி ஆகிறது என்பதால். பாஸ்போர்ட் செல்லும் காலத்தைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய், பாஸ்போர்ட் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே பெர்மிட்டை முடித்துவிடும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், குடும்பத்தில் எல்லோருடையதையும். பிள்ளைகளின் இந்திய பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும், அதைத்தான் மறக்கிறார்கள்.

டென்மார்க்கில் சி.பி.ஆர். என்ற அடையாள எண்ணுக்குப் பதிவுசெய்யத்தக்க முகவரி வேண்டும். ஓட்டல் அறை செல்லாது. முகவரி வேண்டுமானால் வீடு. வீட்டுக்காரர் சட்டப்படி மூன்று மாத டெபாசிட்டும் மூன்று மாத முன்வாடகையும் வரை கேட்கலாம். முதல் மாத வாடகையோடு சேர்த்தால் ஏழு மாதப் பணம்: வாடகை 14,000 என்றால் 98,000 குரோனர். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூட இதில் திணறுவார்கள், ஏனென்றால் முதல் சம்பளத்துக்கு முன்பே இதை எண்ணி வைக்க வேண்டும். நார்வேயில் டெபாசிட்டை உங்கள் பெயரில் திறந்த தனி வங்கிக் கணக்கில் போடுவதுதான் சட்டம். "என் கணக்கில் போடு" என்கிற வீட்டுக்காரரை விட்டு விலகுங்கள். ஸ்டாக்ஹோமில் நேரடி வாடகை வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை. புதிதாக வருபவருக்குக் கிடைப்பது இரண்டாம் கை வாடகைதான், அதாவது வேறொருவர் பெயரில் உள்ள வீட்டை அவரிடமிருந்து எடுப்பது. அதில் கட்டட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். சாவியைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஸ்வீடன் போகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். பெர்மிட்டை நீட்டிக்கும்போது உங்கள் நிறுவனம் உடல்நலம், ஆயுள், பணிவிபத்து, தொழில் ஓய்வூதியம் என்ற நான்கு காப்பீடும் எடுத்திருந்ததா என்று பார்க்கிறார்கள். நிறுவனம் தூங்கியதால் தண்டனை பெற்றவர்கள் ஊழியர்கள்தான். சேர்ந்த முதல் மாதமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனம் என்றால் பாதிக் கவலை விட்டது. சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, நம் பெயர்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, திருமணப் பதிவில் மூன்றாவது விதமாக எழுத்து. வடக்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இவை மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துங்கள், முடியாததற்கு ஒரே நபர்தான் என்று நோட்டரி உறுதிமொழி வாங்குங்கள். திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் இந்தியாவில் இருக்கும்போதே அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். போன பிறகு அப்பாவை டெல்லிக்கும் சென்னைக்கும் அலைய விடாதீர்கள். ஏஜென்ட் யாராவது வேலை வாங்கித் தருகிறேன் என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்க முடியாது.

பெர்மிட் முடிவு கையில் வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். "முடிவாகிவிடும்" என்று எச்.ஆர். எத்தனை முறை சொன்னாலும் சரி.