ஷத்தோ: கோட்டையா, தோட்டமா?

பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் புட்டிகளில் ‘மிஸ் ஆன் பூத்தேய் ஓ ஷத்தோ’ என்று ஒரு வரி இருக்கும். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கோட்டையில் அடைக்கப்பட்டது’ என்று வரும். தோற்றுப்போன சிற்றரசன் எவனையோ சிறைவைத்த செய்தி மாதிரி இருக்கிறது அல்லவா? அடைபட்டது ஒயின், அடைத்தது புட்டியில். அப்படியானால் ‘ஷத்தோ’ என்ற சொல்லுக்குள் கோட்டை எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘காஸ்த்ரும்’ என்றால் படை தங்கும் பாசறை. அதன் சிறு வடிவம் ‘காஸ்தெல்லும்’, அதாவது சிற்றரண். பழைய பிரெஞ்சில் இது ‘சஸ்தெல்’ ஆனது. பிறகு நடுவிலிருந்த ஸகரம் விழுந்தது, கடைசி ‘எல்’ ‘ஓ’வாகத் தேய்ந்தது, ஷத்தோ பிறந்தது. விழுந்த ஸகரத்துக்கு நடுகல் நட்டதுபோல, பிரெஞ்சு எழுத்தில் அந்த அகரத்தின் தலையில் ஒரு சின்னக் கூரை இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘காஸில்’, ஸ்பானியத்தின் ‘காஸ்தியோ’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். மான்செஸ்டர் என்ற ஊர்ப்பெயரின் வாலும் அந்தப் பாசறையிலிருந்து வந்ததுதான்.

சண்டைக் காலம் போய், மதில் வேண்டாத மாளிகைகளைப் பிரபுக்கள் கட்டத் தொடங்கியபோது, பழைய சொல்லே அவற்றுக்கும் தொடர்ந்தது. வெர்சாய் அரண்மனையும் ஷத்தோதான். இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. ‘அரண்மனை’யைப் பிரித்துப் பாருங்கள்: அரண் உள்ள மனை. காவலைக் குறித்த சொல் நம்மிடமும் ஆடம்பரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் உயரத்தில் கட்டிய தண்ணீர்த் தொட்டியைக்கூட ‘தண்ணீர் ஷத்தோ’ என்பார்கள். நாம் மனக்கோட்டை கட்டுகிறோம்; அவர்கள் ‘ஸ்பெயினில் ஷத்தோ’ கட்டுகிறார்கள்.

சரி, ஒயினுக்கு வருவோம். போர்தோவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த செல்வர்கள் நடுவில் ஒரு மாளிகையும் கட்டிக்கொண்டார்கள். மாளிகையின் பெயர் தோட்டத்துக்கு, தோட்டத்தின் பெயர் ஒயினுக்கு என்று சொல் இறங்கி வந்தது. 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்து வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில்கூடப் பெரும்பாலான பெயர்களுக்கு முன்னால் ஷத்தோ கிடையாது. அதன் பிறகுதான் அந்தச் சொல்லுக்கு மவுசு. இன்று சாதாரண ஓட்டு வீடும் கொட்டகையும் உள்ள பண்ணையும் ஷத்தோ என்று போட்டுக்கொள்ளலாம். சட்டம் பார்ப்பது மாளிகையை அல்ல, திராட்சையை: அந்தப் பண்ணையின் கொடிகளில் விளைந்ததை மட்டும் கொண்டு செய்திருக்க வேண்டும்.

கோட்டைப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. பொயாக் ஊரில், ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய ‘ஷத்தோ லாத்தூர்’. ‘லா தூர்’ என்றால் கோபுரம். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க் காலத்தில் ஆற்றைக் காவல் காத்த கோபுரம் இப்போது இல்லை. தோட்டத்தில் இன்று பார்க்கிற வெள்ளைக் கோபுரம் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புறாக்கூடு! முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக 1966 விளைச்சல் முதல் அவர்கள் வெளியிடும் இரண்டாம் ஒயினுக்குப் பெயர் ‘லே ஃபோர் த லாத்தூர்’, லாத்தூரின் கோட்டைகள்.

முதல் ஒயினுக்கான திராட்சை ‘லான்க்ளோ’ என்ற 47 ஹெக்டேர் நிலத்திலிருந்து வருகிறது. மேலே சரளைக் கல், அடியில் களிமண். தோட்டத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கபர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகை, மீதியில் பெரும்பகுதி மெர்லோ, அப்புறம் கபர்னே ஃபிரானும் பெத்தி வெர்தோவும் கொஞ்சம். கபர்னே சோவிஞோன், கபர்னே ஃபிரானுக்கும் வெள்ளைத் திராட்சையான சோவிஞோன் பிளானுக்கும் பிறந்த பிள்ளை என்பது 1997இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது. தடித்த தோல் இதற்கு. துவர்ப்பு அதிலிருந்து வருகிறது. கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே குணம். இளம் லாத்தூரில் அது முரட்டுத்தனமாக இருப்பதால் பல ஆண்டுகள் காக்க வைக்கிறார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், உள்ளூர்க்காரர்கள் இதனுடன் பரிமாறுவது தாய்ப்பால் குடித்து வளர்ந்த பொயாக் ஆட்டுக்குட்டியின் வாட்டிய கறி. மீனோடு குடித்தால் இரும்பை நக்கியதுபோல இருக்கும்.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்? மதிலும் அகழியும் உள்ள ஷத்தோ கோட்டை. வெர்சாய் போன்றது அரண்மனை. ஒயின் ஷத்தோவுக்கு என் ஓட்டு ‘தோட்டம்’. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தமிழர்கள் தேயிலை எஸ்டேட்டைத் தோட்டம் என்றே சொல்கிறார்கள். நிலம், ஆலை, துரை பங்களா, தொழிலாளர் லயம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஷத்தோவும் அப்படித்தான் கொடி, கிடங்கு, மாளிகை மூன்றையும் சேர்த்துக் குறிக்கிறது. ‘கோட்டை விதைப்பாடு’ என்று நிலம் அளந்த தெற்கத்திக்காரர்கள் கோட்டைக்கும் விவசாயத்துக்கும் உறவு உண்டு என்று வாதாடலாம். ஆனால் அது வேறு கோட்டை. பெயரின் பகுதியாக வரும்போது மட்டும் ‘ஷத்தோ லாத்தூர்’ என்று அப்படியே விட்டுவிடலாம்.

முதலில் பார்த்த வரி இனி ‘தோட்டத்திலேயே புட்டியில் நிரப்பியது’ என்றாகும். ஒரு காலத்தில் பீப்பாயோடு ஒயினை வாங்கிப்போய்ப் புட்டியில் நிரப்பியது போர்தோ வணிகர்கள். நடுவில் கலப்படம் நடந்தாலும் தோட்டக்காரருக்குத் தெரியாது. ‘மூத்தோன்’ என்ற ஒயின் தோட்டத்தின் ஃபிலிப் த ரோத்ஷீல்ட் 1924இல் தன் விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே நிரப்பினார். அந்த வரிக்கு மதிப்பு வந்தது அப்படித்தான். போர்தோவின் இன்னொரு பகுதியான பொம்ரோலில் விளையும், போர்தோவிலேயே மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெத்ருஸின் லேபிளிலோ ஷத்தோ என்ற சொல்லே இல்லை.