குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்று அர்த்தமில்லை

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனோடு மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். எட்டு வயசு, கொழுகொழு உடம்பு. படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை. "பகல் பூரா ஆட்டம், அசந்து தூங்குறான்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரத்தில் சத்தம் சட்டென்று நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, ஆனால் மூக்கருகே விரல் வைத்தால் காற்றே இல்லை. எண்ணினேன். 12 வந்ததும் 'ஹக்' என்று ஒரு இழுப்பு, ஒரு புரளல், மறுபடி குறட்டை.

ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு, என்பது இதுதான். பெரியவர்களுக்கு மூச்சு 10 விநாடி நின்றால்தான் கணக்கு; குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் இப்படி நடந்தாலே டாக்டர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

ஏன் அடைக்கிறது? இளநீர்க் கடையில் தரும் காகித ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிப்போன பிறகு வேகமாக உறிஞ்சினால் சுவர் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. தொண்டையும் அப்படித்தான், அதற்கு எலும்புச் சட்டம் கிடையாது, சுற்றியுள்ள தசைகள்தான் விறைப்பாக இருந்து அதைத் திறந்து வைக்கின்றன. தூங்கினால் அந்தத் தசைகள் தளரும், கனவு வரும் நேரத்தில் இன்னும் தளரும்.

ஒல்லியான குழந்தைக்கும் இது வரும். டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் வீங்கி வழியை மறிப்பதுதான் வழக்கமான காரணம். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய 16 மடங்காகும் என்பதால், சின்னத் தொண்டையில் கொஞ்சம் சதை கூடினாலும் அதிகம்தான். பருமனான குழந்தைக்கு இதற்கு மேல் நாக்கிலும் தொண்டைப் பக்கவாட்டிலும் கொழுப்பு சேர்ந்து நெருக்குகிறது. பலருக்குத் தெரியாதது வயிற்றின் பங்கு. மல்லாந்து படுத்தால் தொப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் சுருங்கும்; நுரையீரல் விரிந்திருக்கும்போது மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும், அந்தப் பிடி விட்டால் தொண்டைச் சுவர் தளர்ந்த கொடிக்கயிறு மாதிரி தொய்ந்துவிடும்.

அடைத்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை ஒரு நொடி உசுப்பிவிடுகிறது, குழந்தைக்கு அது நினைவிலேயே இருக்காது. இப்படி ராத்திரி முழுக்க. 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து டாக்டர் கிறிஸ்டியன் கில்லெமினோவும் சகாக்களும் எட்டுக் குழந்தைகளிடம் இதை விவரித்தார்கள்: பகல் தூக்கம், படிப்பில் சரிவு, படுக்கையில் சிறுநீர், காலைத் தலைவலி. இதில் ஒரு வேடிக்கை, தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார், குழந்தையோ பெரும்பாலும் துறுதுறு என்று ஆடும். "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான்" என்று பள்ளியிலிருந்து புகார் வருமே தவிர, தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம் இது திரும்பியும் அடிக்கும்: எடை ஆப்னியாவைக் கூட்டுவது போல, கெட்ட தூக்கம் எடையைக் கூட்டலாம். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்ததில், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோனான லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் குழந்தைகள் இல்லை, ஆப்னியாக்காரர்களும் இல்லை. ஆனாலும் தூக்கம் கெட்டால் பசி எப்படிக் கூடும் என்பதற்கு இது ஒரு தடயம்.

"டான்சிலை எடுத்துட்டா முடிஞ்சுதே" என்பீர்கள். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளிடம் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கும் அறுவை இல்லாமல் காத்திருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும் தூக்கப் பரிசோதனை (ராத்திரி தூங்கும்போது மூச்சை அளந்து பார்ப்பது) சீரானது. பருமனான குழந்தைகளிடம் பலன் குறைவு, தொண்டைக் கொழுப்பும் தொப்பையும் அப்படியேதானே இருக்கின்றன. அதைவிட உறுத்துவது இன்னொன்று: ஏற்கெனவே எடை கூடியிருந்தவர்களில், அறுவைக்குப் பின் எடை இன்னும் ஏறி பருமன் என்ற அளவை எட்டியவர்கள் 52 சதவீதம், காத்திருந்தவர்களில் 21. மூச்சுக்குப் போராடுவதில் செலவான சக்தி மிச்சமாவதும், பகல் நேரத் துறுதுறுப்பு அடங்குவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அன்று ராத்திரி நான் போனில் எடுத்த ஒரு நிமிஷ வீடியோவைத்தான் அக்கா முதலில் டாக்டரிடம் காட்டினாள். பையனுக்கு டான்சில் எடுத்தாயிற்று. குறட்டை நின்ற முதல் நாள் மூச்சு வருகிறதா என்று நாலு தடவை எழுந்து பார்த்தாளாம். அடுத்த மாதம் மறுபடி தூக்கப் பரிசோதனை, அதுவரை சாயங்கால பிஸ்கட் பாக்கெட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் வீட்டில் சண்டை.