கொரிய மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க வேண்டாம்

வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் மாணவி ஒருவர் தம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்று சொற்களுக்கு எதிரிலும் ‘தல்’ என்றே எழுதியிருந்தார். எவ்வளவு படித்தும் மூன்றும் குழம்புகின்றன என்று சொல்லும்போது அவர் குரல் தளர்ந்திருந்தது. அவருடைய நினைவாற்றலில் குறையேதும் இல்லை. ஏட்டில் பதியாத வேறுபாடு மனத்திலும் பதியாது.

கொரிய மொழியில் சொல்லின் முதலில் வரும் தகரம் மூன்று வகை: இயல்பானது, மூச்சுக்காற்றுடன் வெடிப்பது, தொண்டையை இறுக்கி ஒலிப்பது. தமிழ் எழுத்தில் இம்மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் ஹங்குல் எழுத்துகளைக் கற்று முடிக்கும்வரை சொற்பட்டியலைத் தொட வேண்டாம் என்று முதல் நாளிலேயே கேட்டுக்கொள்கிறேன். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட அந்த எழுத்துமுறையில் இன்று அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10 மட்டுமே. இயல்பான தகரத்தோடு ஒரு கோடு கூடினால் மூச்சொலி. அதே எழுத்து இரட்டித்தால் இறுக்கமான ஒலி. காது தவறவிடுவதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

எழுத்தில்தான் தமிழ் வேண்டாம் என்கிறேன். நாவில் ஊறிய தமிழ் பெருந்துணை. ‘அப்பா’ என்று சொல்லத் தொடங்கி, உதடுகள் மூடிய நிலையில் ஒரு கணம் நிறுத்தி, ‘பா’வை மட்டும் விட்டுப் பாருங்கள், இறுக்கமான பகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி கிடைக்கும். வாயின் முன் மெல்லிய தாளைப் பிடித்தால் இதற்கு அது அசையாது, மூச்சொலிக்குத் துள்ளும். ‘காது’, ‘பாட்டு’ ஆகியவற்றின் ஈற்றில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரமும் கொரிய உயிரொலி ஒன்றை ஏறத்தாழ ஒத்தது. வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பும் பெயருக்குப் பின் வரும் உருபுகளும் நமக்குப் பழகியவையே என்பதால் தொடக்கத்தில் இலக்கணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சொற்களை நினைவில் நிறுத்த நான் பெரிதும் நம்புவது, பெயர்ச்சொல்லை உருபோடு சேர்த்து மனனம் செய்யும் முறையை. கதிர் அரிவாள், பகல், முகம் ஆகியவற்றுக்கான கொரியச் சொற்கள் தனித்து நிற்கையில் ‘நத்’ என ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுவாய்க்குரிய இகர உருபு சேர்ந்தவுடன் மறைந்திருந்த இறுதி மெய் வெளிப்பட்டு மூன்றும் தனித்தனியே கேட்கும். எனவே நினைவட்டையில் உருபு சேர்ந்த வடிவத்தையே எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் என்று இடைவெளி விட்டு, விடையைப் பார்க்காமல் நினைவுகூருங்கள். சீன வேர்ச் சொற்களையோ குடும்பமாகச் சேர்க்கலாம். ‘ஹக்’ என்றால் கல்வி. பள்ளி, மாணவர், பல்கலைக்கழகம் ஆகிய மூன்று சொற்களிலும் அந்த அசை உண்டு.

எண்களுக்கு மட்டும் அட்டை போதாது. மூன்று முப்பது என்பதில் மணிக்குக் கொரிய எண்ணும் நிமிடத்துக்குச் சீன வழி எண்ணும் வரும். கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.