மாபாரிலிருந்து 20 நாள், திரும்ப 3 மாதம்

மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் (ஆட்சி 1260–1294) மடகாஸ்கருக்குத் தூதர்களை அனுப்பியதாக மார்க்கோ போலோ சொல்கிறார். முன்பு போன தூதர் ஒருவர் அங்கே பிடிபட்டிருந்தார்; அவரை மீட்க வேண்டும். யானையையே தூக்கிப் பறக்கும் ருக் பறவையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். போனவர்கள் 90 சாண் நீள இறகு ஒன்றைக் கொண்டுவந்தார்களாம், ஏறக்குறைய 20 மீட்டர். மடகாஸ்கரில் அந்த நீளத்தை எட்டுவது ராஃபியா பனையின் மட்டைதான். நடுவே தண்டு, இருபுறமும் வரிசையாகக் கீற்று: காய்ந்தபின் பார்த்தால் இறகு மாதிரியே இருக்கும்.

போலோ அங்கே போனவரல்ல. அவருடைய மடகாஸ்கரில் யானையும் ஒட்டகமும் திரிகின்றன. அந்தத் தீவில் இரண்டுமே கிடையாது. ஆப்பிரிக்காவின் சோமாலியக் கரையிலுள்ள மொகதிஷு துறைமுகத்தைப் பற்றிக் கேட்டதை இதோடு கலந்துவிட்டார். ஆனால் கடலோடிகளிடம் கேட்டு எழுதிய ஒரு கணக்கு பொன்னானது: மாபாரிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து, அங்கே போக 20 நாள், திரும்ப 3 மாதத்துக்கு மேல்.

தூரம் சுமார் 4,000 கி.மீ. நாளுக்கு 200, மணிக்கு 8 கி.மீ. பாய்மரக் கப்பலுக்கு இது நல்ல ஓட்டம். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் கிடைக்கும்.

குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிடச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. அங்கே அழுத்தம் ஏறி, காற்று கடல் பக்கம் பாய்கிறது. பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் ஒதுங்கி, வடகிழக்கிலிருந்து வீசுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை இதுதான். சோமாலியக் கரை நீரோட்டமும் அப்போது தெற்கே திரும்பிவிடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போகப் போகக் காற்று தளரும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில், தெற்கே 9 பாகை அட்சரேகையில் உள்ள கில்வா துறைமுகம் வரை ஒரே பருவக்காற்றில் போய்ச் சேரலாம். தங்கம் வந்து இறங்கும் சோபாலா துறைமுகமோ, இன்றைய மொசாம்பிக்கில், 20 பாகையில். அதனால் வணிகர்கள் தங்கத்தைக் கில்வாவிலேயே வாங்கினார்கள், கில்வா கொழித்தது.

திரும்புவதுதான் பாடு. ஜனவரியில் கரைசேர்ந்த கப்பல், தென்மேற்குக் காற்று எழும் ஏப்ரல் வரை நங்கூரத்தில் கிடக்க வேண்டும். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும். கயிற்றால் தைத்த மரக்கலம் தாங்காது, இந்தியாவின் மேற்குத் துறைகளும் அடைத்துக்கிடக்கும். ஆக ஏப்ரல்–மே, விட்டால் ஆகஸ்டு கடைசி. போலோவின் 3 மாதத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பாகவே இருக்க வேண்டும்.

அவர் சொன்ன காரணம் வேறு: தெற்கே இழுக்கும் நீரோட்டம். அப்படி ஒரு நீரோட்டம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது இந்த வழிக்கு இன்னும் தெற்கே. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் ஓடும் அகுல்யாஸ் நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 7 கி.மீ. ஓடும். 8 கி.மீ. வேகக் கப்பல் அதை எதிர்த்து வந்தால் மணிக்கு மிஞ்சுவது 1 கி.மீ.