கிடா வாடையில் என்ன இருக்கிறது?

மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும் வெள்ளாட்டு மந்தையில் கிடாவை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு பெட்டை நின்று சிறுநீர் விடுகிறது. கிடா ஓடிப்போய் அதில் மூக்கை நனைக்கிறது. அப்புறம் கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு, பல்லிளிப்பதுபோல அப்படியே நிற்கிறது. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். கிடாவுக்கு அது முக்கியமான சோதனை நேரம்.

ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான். அதற்குச் சற்றுப் பின்னால், மேலண்ணத்தில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவை மூக்கின் அடித்தளத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வழி. சாதாரண மோப்பம் காற்றில் மிதந்து வரும் வாசனையைத்தான் பிடிக்கும். எளிதில் ஆவியாகாத கனமான மூலக்கூறுகளை இந்த உறுப்பு படிக்கிறது. உதட்டைச் சுருட்டும்போது சிறுநீரின் துளிகள் அதற்குள் போகின்றன. பெட்டை பருவத்துக்கு வருவது ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஒன்றரை நாள் அளவுக்குத்தான். அந்த நேரத்தைத் தவறவிடாமல் இருக்கத்தான் கிடா நாள் முழுக்க ஒவ்வொரு பெட்டையாக மோந்துகொண்டே திரிகிறது.

சரி, கிடாவின் மேல் வீசும் அந்தக் கொச்சை வாடை? அது தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தானே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். போதாததற்குக் கொம்புக்குப் பின்னால் சுரப்பிகள் வேறு. அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெட்டையின் உடலுக்கு அந்த வாடை ஒரு செய்தி. கொஞ்ச நாள் கிடாவே இல்லாத மந்தையில் திடீரென ஒரு கிடாவை விட்டால், சும்மா இருந்த பெட்டைகளும் சில நாட்களில் பருவத்துக்கு வந்துவிடும். ஆடு வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கண்டது இது.

அதன் வேதியியல் 2014-இல்தான் பிடிபட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிடாக்களின் தலையில் தொப்பி மாட்டி, தோலிலிருந்து கிளம்பும் ஆவியைச் சேகரித்தார்கள். காயடித்த கிடாவில் இல்லாமல், காயடிக்காத கிடாவில் மட்டும் இருந்த பொருட்களில் ஒன்று 4-எத்தில்ஆக்டனால். அதைப் பெட்டைக்கு மோப்பம் காட்டியபோது, மூளையில் இனப்பெருக்க ஹார்மோன் ஓட்டத்தை முடுக்கிவிடும் நரம்புகள் உடனே துடித்தன. எனக்கு இதில் ஆச்சரியமே, அந்தப் பொருளுக்குத் தனியாக எலுமிச்சை போன்ற மணம் என்பதுதான். காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு அது நாமறிந்த கிடா வாடையாகிறது.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பது விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். காயடித்தால் வாடை போய்விடும், வேகமும் தணியும். ஆனால் ஏறிப் பழகிய கிடாவிடம் பழக்கம் உடனே போகாது. காயடித்துச் சில வாரங்கள் ஆன பிறகும் பெட்டை மேல் தாவுவதுண்டு.

பொலிகிடா வைத்திருப்பவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கிடாவின் வேகம் வேறு, விந்தின் தரம் வேறு. விந்தணு முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். விதைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் வாடிய கிடா, காய்ச்சலில் படுத்து எழுந்த கிடா, வைகாசியில் பழையபடி துள்ளிக்கொண்டு ஏறும். ஆனால் சினை பிடிக்காது. பழி பெட்டை மேல் விழும், சில நேரம் அது சந்தைக்கும் போய்விடும். ஏறவிட்ட பெட்டைகளில் பல, 21 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தி வாலாட்டத் தொடங்கினால், கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது கிடாவை.