முள் ஆடுகிறது, கிலோமீட்டர் ஓடவில்லையா?

போன மாதம் ஒரு பழைய மாருதி 800 பட்டறைக்கு வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் தார் மாதிரி ஒட்டுகிறது. "மாத்தி மூவாயிரம்கூட ஓடலையே தம்பி" என்றார் வண்டிக்கார அண்ணன். மீட்டரில் 78,412. ஓட்டிப் பார்த்தேன். வேக முள் 40-ஐக் காட்டுகிறது, கிலோமீட்டரின் கடைசி எண் அசையவே இல்லை. எப்போது நின்றதென்று அவருக்கே தெரியவில்லை.

கேபிள் மீட்டர் வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரே கேபிள்தான் வேக முள், கிலோமீட்டர் எண் இரண்டையும் ஓட்டுகிறது. ஆனால் முள்ளை நகர்த்துவது காந்தம். அது சுற்றும்போது அலுமினியக் கிண்ணம் ஒன்று தொடாமலே இழுபடும். கிலோமீட்டரை நகர்த்துவது பல்சக்கரங்கள். இரண்டுமே நின்றால் கேபிளையும் கியர்பாக்ஸ் பக்கத்தில் அதைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனையும் பாருங்கள். முள் ஆடி எண் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள்தான். புதுக் கேபிள் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பிரித்தேன். சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் சக்கரம், நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை முடி மாதிரி விரிசல். தண்டு சுற்றுகிறது, சக்கரம் வழுக்கி நிற்கிறது. இதற்கு உடனே ஒட்டும் பசையை வைப்பவர்கள் உண்டு. அதன் ஆவி டயலிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும், பல்லிடுக்கில் வழிந்தால் எல்லாமே இறுகிவிடும். உள்ளே ஸ்ப்ரே ஆயிலும் அடிக்காதீர்கள், கிண்ணத்தில் எண்ணெய் இறங்கினால் நன்றாக இருந்த முள்ளும் கெடும். பழைய மீட்டரிலிருந்து அதே சக்கரத்தை எடுத்துப் பல்லை எண்ணிப் பொருத்துவதுதான் சரி. ஜப்பானிய முறை மீட்டர்களில் கேபிள் 637 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். பல் ஒன்று மாறினாலும் அந்தக் கணக்கு தப்பிவிடும். மாட்டிய பிறகு நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சரிபாருங்கள்.

அப்புறம், ஒரு பயணத்தின் தூரத்தைத் தனியாகக் காட்டும் ட்ரிப் மீட்டர் உள்ள வண்டியில், ஓடும்போது அதைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். பல மீட்டர்களில் பல் உடைவதே அப்படித்தான்.

மீட்டரைப் பிரித்ததும் "அப்படியே எண்ணைக் கொஞ்சம் குறைச்சு வெச்சிடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. அந்த எண்ணை நம்பித்தான் இன்னொருவர் தன் சேமிப்பைக் கொடுத்து வண்டி வாங்குகிறார். நின்ற எண்ணிலேயே திரும்ப ஓட வேண்டும். அமெரிக்காவில், பழுது பார்த்தபின் பழைய எண்ணை வைக்க முடியாமல் போனால் பூஜ்யத்தில் வைத்து, முன்பிருந்த எண்ணையும் தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு சர்வீஸ் புத்தகம் போதும்.

அண்ணனின் புத்தகத்தில் தேதி போட்டு, "78,412. இதற்கு முன் மீட்டர் சில காலம் ஓடவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆயிலையும் டைமிங் பெல்ட்டையும் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றினோம்.