மாதம் 1,000 ரூபாய் உயர்கல்வி உதவித்தொகை: யாருக்கு உண்டு, எந்தக் கணக்கில் வரும், எப்படிச் சேமிக்கலாம்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் கீழும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழும் மாதந்தோறும் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. முதலாவது 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையிலும், இரண்டாவது 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையிலும் தொடங்கப்பட்டன. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டுப் புதுமைப் பெண் என்ற பெயரில் நடைபெறுகிறது. திருமணத்தின்போது ஒரே தவணையாகக் குடும்பத்தின் கைக்குப் போன உதவி, படிக்கும் பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்கே மாதாமாதம் வருகிறது என்பது என் பார்வையில் இந்த மாற்றத்தின் முக்கியமான பகுதி.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இரு திட்டங்களும் பொருந்தும். புதுமைப் பெண் திட்டத்தில் இந்த விரிவாக்கம் 2024 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவிகளும் தகுதி பெறுகின்றனர். பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, ஐ.டி.ஐ. ஆகியவற்றில் நேரடியாகச் சேர்ந்து படிப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. தொலைநிலைக் கல்விக்கும் முதுநிலைப் படிப்புக்கும் இல்லை. குடும்ப வருமான வரம்பு கிடையாது. வேறு கல்வி உதவித்தொகை பெறுபவர்களும் இதனைப் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும் என்பதால், பள்ளிக்கால எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களையும் சேர்க்கையின்போதே கையில் வைத்திருப்பது நல்லது.

தகுதி இருந்தும் பணம் வரவில்லை என்று மாணவர்கள் அலைவதற்குப் பெரும்பாலும் ஆதார் இணைப்பே காரணமாக இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகலைக் கொடுப்பது அடையாளச் சரிபார்ப்புக்கானது. அரசின் நேரடிப் பணப்பரிமாற்றம் அந்தக் கணக்குக்கு வர வேண்டுமெனில், அதற்குரிய ஒப்புதல் படிவத்தைத் தனியே கொடுத்து, வங்கிகளுக்கிடையிலான பணப்பரிமாற்றத்தை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவில் அந்த வங்கியைச் சேர்க்கச் செய்ய வேண்டும். அந்தப் பதிவில் ஒருவருக்கு ஒரு வங்கி மட்டுமே இருக்க முடியும். கல்லூரி வளாகத்தில் முகாம் போட்டு இன்னொரு வங்கி கணக்குத் தொடங்கித் தரும்போது, படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டால் பதிவு புதிய வங்கிக்கு மாறிவிடும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவருக்குப் பணம் வேறு கணக்கில் சேர்வது தெரியாது. எந்த வங்கி பதிவில் இருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பள்ளி உதவித்தொகைக்காகப் பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு தொடங்கிய கணக்காக இருந்தால், 18 வயது நிறைந்ததும் வங்கிக்குச் சென்று புதிய கையெழுத்தையும் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும்.

குறைந்தபட்ச இருப்புக்காக அபராதம் பிடிக்கும் கணக்கில் இந்தத் தொகையை வாங்குவது வீண். எந்த வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, அதாவது சீரோ பேலன்ஸ் கணக்கு, கேட்டுப் பெற ரிசர்வ் வங்கி விதி வழிசெய்கிறது. ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க இயலாது. பாரத ஸ்டேட் வங்கி 2020இலும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இலும் சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கே இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கிய சீரோ பேலன்ஸ் கணக்கை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தாலும், செயலற்ற கணக்காக வகைப்படுத்தக் கூடாது என்றும் 2024 ஏப்ரல் முதல் விதி உள்ளது.

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இந்த உதவி மொத்தம் 36,000 ரூபாய் வரையிலும், நான்காண்டுப் பொறியியலில் 48,000 ரூபாய் வரையிலும் சேரக்கூடியது. பேருந்து, உணவு, நகல் எடுக்கும் செலவு என்று முழுவதும் தேவைப்படும் மாணவர்கள் பலர் உண்டு. தொகை வழங்கப்படுவதே அதற்காகத்தான். பாதியையேனும் ஒதுக்க முடிகிறவர்கள், வரவு வரும் கணக்கிலேயே அதை விட்டுவைத்தால், ஜிபேயில் தேநீருக்கும் ரீசார்ஜுக்குமாக அது கரைந்துவிடும். அதே வங்கியில் தொடர் வைப்பு, வழக்கில் சொல்வதானால் ஆர்.டி., தொடங்கி, தவணை தானாகப் பிடிக்கப்படுமாறு எழுதிக் கொடுப்பது இதற்கு எளிய வழி. மாதம் 500 ரூபாய் வீதம் 36 மாதங்களுக்கு, ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கட்டிய 18,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 1,750 ரூபாய் வட்டி சேரும். வட்டி பெரிதல்ல, படிப்பு முடியும் மாதத்தில், தேர்வுக் கட்டணத்துக்கோ வெளியூர் நேர்முகத் தேர்வுக்கோ கடன் கேட்காமல் எடுக்க ஒரு தொகை இருக்கும்.

அஞ்சலக ஆர்.டி.யைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். அதில் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அதன் காலம் ஐந்து ஆண்டுகள். மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகே இடையில் மூட முடியும், அப்போதும் சேமிப்புக் கணக்குக்குரிய 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். எனவே மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவருக்கு, படிப்பு முடியும் மாதத்தோடு முதிர்வு பொருந்துமாறு காலத்தைத் தேர்ந்துகொள்ளக்கூடிய வங்கி ஆர்.டி.யே பொருத்தமானது. மருத்துவம் போன்ற நீண்ட படிப்பில் உள்ளவர் அஞ்சலகத்துக்குப் போகலாம்.

உதவித்தொகை ஒரு மாதம் தாமதித்தால் ஆர்.டி. தவணையும் தவறும், தவறிய தவணைக்கு அஞ்சலகத்தில் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வீதம் பிடிப்பார்கள், வங்கிகளிலும் அபராதம் இருக்கக்கூடும். முதல் இரண்டு மாதத் தொகையைக் கணக்கில் இருப்பாக வைத்துவிட்டு மூன்றாம் மாதத்திலிருந்து ஆர்.டி. தொடங்கினால் இந்தச் சிக்கல் குறையும். பாஸ்புக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் கழிந்திருந்தால், அது பெரும்பாலும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கான பிடித்தமாக இருக்கும். 436 ரூபாய் கழிந்திருந்தால் ஆயுள் காப்பீடு. இரண்டும் 18 வயது நிறைந்தவர்கள் ஒப்புதல் அளித்தால் மட்டுமே சேரக்கூடியவை. வேண்டாமெனில் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.